மேற்கே சூலம் என்று நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

இதனை வாசிக்கும் ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் என் வணக்கம். நான் எழுத்தாளன் அல்லன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பு ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கிவைக்கும் முற்றம் ஒன்றில், உள்ளே வரும் பெட்டிகளின் இலக்கங்களையும் வெளியே போகும் பெட்டிகளின் இலக்கங்களையும் எழுதிக்கொள்ளும் வேலையை முப்பத்து நான்கு ஆண்டுகள் செய்தேன். மத்தியான ஓய்வு வேளையில் செய்தித்தாளின் தலையங்கத்தைக் கொப்பியில் பார்த்தெழுதியே இந்த உரைநடையைப் பழகிக்கொண்டேன். ஆகவே மொழியில் பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டும். நடத்தையிலுள்ள பிழைக்குப் பொறுதி கேட்க நான் இதை எழுதவில்லை. அது நடந்தபடியே ஓரிடத்திலாவது எழுத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

விடயம் பிறருக்கு அற்பமாகத் தோன்றக்கூடும். பனிச்சறுக்கு விளையாட எந்த மலைக்குப் போவது என்று என் மகளின் குடும்பம் என்னிடம் கேட்டது. நான் ஒரு மலையைச் சொன்னேன். எல்லோரும் அங்கே போனோம். அவ்வளவுதான். ஆயினும் அந்த மலையை நான் தெரிந்தெடுத்த விதத்தை நினைக்கும் போதெல்லாம், தனியே இருக்கும்போதுகூட என் முகம் சுடுகிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கொட்டாஞ்சேனை வாடகை வீட்டை விட்டு, நானும் மனைவியும் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றிலுள்ள நான்கு மாடிக் கட்டடத்துக்குக் குடிவந்தோம். அங்கே எட்டுக் குடும்பங்கள். கையில் வேலை இல்லாதவனுக்கு நாள் நகராது. நான் பஞ்சாங்கத்தைக் கையிலெடுத்தேன். எனக்குக் குரு யாருமில்லை. மூன்று நான்கு ஆண்டுப் பஞ்சாங்கங்களை அருகருகே விரித்து வைத்து, எது மாறுகிறது, எது மாறாதிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து விளங்கிக்கொண்டேன். பெட்டி இலக்கம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கடினமாக இருக்கவில்லை.

நாளடைவில் கட்டடத்தார் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். குழந்தைக்கு முடி இறக்க நாள், புதுக் குளிர்சாதனப்பெட்டி வீட்டுக்குள் கொண்டுவர நேரம், நேர்முகப் பரீட்சைக்குப் புறப்படும் வேளை என்று ஒவ்வொன்றும் படியேறி என்னிடம் வரும். மூன்றாம் மாடியில் இருக்கும் பல் வைத்தியர் அம்மாகூடக் கேட்பார். நான் எவரிடமும் எதுவும் பெற்றதில்லை. என்னைப் பற்றி அவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்று என் காதுக்கும் வந்திருந்தது: பஞ்சாங்கத்தில் இருப்பதைத்தான் சொல்வார், கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார் என்பது அது. எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டம் அதுவே.

எல்லோரிலும் கூடுதலாக என்னைக் கேட்பவள் என் மகள். திருமணமாகிச் சுவிற்சர்லாந்துக்குப் போய்ப் பதினாறு ஆண்டுகள். மருமகனுக்கு உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை. மகளுக்கு முதியோர் இல்லத்தில். கார் வாங்குவதானாலும் வீடு மாறுவதானாலும் அவள் முதலில் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். நான் சொல்வதைத் தன் குசினிச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்தந்தக் கட்டத்துக்குள் எழுதிவைப்பாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, பெண். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

இனி, கீழ்வீட்டு ஐயாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் வங்கியில் உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். கனடாவிலுள்ள மகனிடம் போய்வந்தபோது, பனிமலையில் காலில் சறுக்குப் பலகைகளுடன் நிற்கும் படமொன்றை எடுத்துக்கொண்டு வந்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டு, தமது விறாந்தையில், படியேறுவோர் எவர் கண்ணுக்கும் தப்பாத இடத்தில் மாட்டியிருந்தார். எங்களுக்கு விசா கிடைத்த செய்தி கட்டடத்தில் பரவியபின், ஒரு மாலை தண்ணீர்த் தாங்கி திருத்துவது பற்றிய கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சுவிஸ் எண்டால் மலை ஏறோணும், ஐயா. மலை ஏறாமல் திரும்பி வாறது இஞ்ச வீட்டில ஐஸ்பெட்டியைத் திறந்து பாத்தது மாதிரித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பகிடிதான். ஆனால் அன்றிரவு முழுவதும், மறுநாளும், அந்தப் படத்தைத் தாண்டிப் படியேறும் ஒவ்வொரு தடவையும், எனக்கும் அப்படியொரு படம் வேண்டும் என்ற எண்ணம் என்னுள் ஊறிக்கொண்டிருந்தது. அறுபத்தொன்பது வயதில் ஒரு மனிதனுக்கு இப்படியும் ஆசை வருமா என்று கேட்பீர்கள். வந்தது.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்க, மகளும் மருமகனும் தொலைபேசியில் முகம் காட்டி அழைத்தார்கள். மனைவி பக்கத்தில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே ஓய்வு. நாங்கள் நிற்கும் மூன்று ஞாயிறுகளில் முதலாவது நாங்கள் போய் இறங்கும் நாள். மூன்றாவது அவர்களுக்கு நெருங்கிய வீடொன்றில், பெண்பிள்ளை பெரியவளானதற்கான சாமத்திய வீடு. எஞ்சியது நடு ஞாயிறு ஒன்றே. அன்றைக்கு எங்களைப் பனிமலைக்குக் கூட்டிப்போக விரும்பினார்கள்.

மருமகன் இரண்டு இடங்களைச் சொன்னார். ஒன்று அவர்கள் ஊருக்கு மேற்கே அரைமணி ஓட்டத்தில் இருக்கும் தாழ்ந்த மலை. பெயர் அறியாத சிறு இடம். ஒரு சரிவு, பிள்ளைகளை மேலே இழுத்துச் செல்லும் கயிறு ஒன்று, தேநீர் விற்கும் மரக்குடில் ஒன்று. மற்றையது கிழக்கே இரண்டு மணித்தியாலத்துக்கு அப்பால் உள்ள பெருமலை. பல்சக்கர ரயில் ஏறிப் போகவேண்டும். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நம் சினிமாப் பாட்டுகளில்கூட அந்த மலையைக் கண்டிருப்பீர்கள் மாமா என்றார். இரண்டின் படங்களையும் அனுப்பினார். சின்ன மலையின் படத்தில் பின்னால் மாட்டுத் தொழுவம் ஒன்று தெரிந்தது. பெருமலையின் படத்தைப் பார்த்த கணத்திலேயே நான் மனதால் அதன்முன் நின்றுவிட்டேன்.

மகள்தான் அடுத்ததைச் சொன்னாள். பேர்த்தி அந்தச் சின்ன மலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சறுக்குப் பழகுகிறாள். ஐந்து ஞாயிறு கொண்ட வகுப்பு. ஐந்தாவது ஞாயிறு, அதாவது அந்த நடு ஞாயிறு, பரீட்சை. அதில் தேறினால் சட்டையில் குத்த ஒரு வில்லை கொடுப்பார்கள். அடுத்த மாதம் அவளது பள்ளிக்கூடம் பிள்ளைகளை ஒரு வாரம் பனிமலை முகாமுக்குக் கூட்டிப்போகும். அங்கே அந்த வில்லையைப் பார்த்தே பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். போன வருடம் இவளிடம் வில்லை இல்லாதபடியால், இவளிலும் இரண்டு மூன்று வயது குறைந்த பிள்ளைகளோடு விட்டுவிட்டார்கள். வகுப்பில் இவள் ஒருத்தியே தமிழ்ப் பிள்ளை. ஒரு வாரம் முழுவதும் அவளுடைய சிநேகிதிகள் மேலேயிருந்து சறுக்கி வருவதை இவள் கீழே நின்று பார்த்தாளாம். பின்னர் மகள், இதனால் நீங்கள் யோசிக்கவேண்டாம் அப்பா, நீங்கள் நாள் பார்த்துச் சொல்வதுதான் என்றாள்.

பேர்த்தி தொலைபேசிக்குள் தலையை நீட்டினாள்.

"அம்மப்பா, சின்ன மலைக்கு வாங்கோ. நான் மேலயிருந்து வருவன். நீங்க கீழ நிண்டு பாக்கலாம்."

ஆகவே நான் அறியாமல் செய்தேன் என்று எவரும் எனக்காகப் பேசமுடியாது. எல்லாம் அறிந்திருந்தேன்.

பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொன்னேன். விரலை நனைத்துத் தாளைப் புரட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம் என்பது எனக்கு மனப்பாடம், இருந்தும் புரட்டினேன். சூலம் உள்ள திசையில் அந்த நாளில் பயணம் போவது ஆகாது என்பது வழக்கம். கண்ணாடியை மூக்கில் இறக்கி, அட்டவணையை உரத்து வாசித்தேன்: ஞாயிறு, வெள்ளி, மேற்கு. கிழக்கே தடையில்லை. ஆகவே பெருமலைக்கே போவோம் என்றேன்.

அந்த அட்டவணைக்குக் கீழே, சிறிய எழுத்தில், ஒரு வரி உண்டு. தவிர்க்கமுடியாத பயணமாயின் இன்ன திசைக்கு இன்னதை உட்கொண்டு புறப்படலாம் என்று சொல்லும் பரிகார வரி. கிழக்கானால் தயிர், மேற்கானால் வெல்லம். ஒரு சிறு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு மேற்கே போகலாம். கட்டடத்தில் யார் வந்து கேட்டாலும் அந்த வரியையும் சேர்த்தே வாசிப்பேன். அன்றைக்கு என் விரல் அந்த வரியின்மேல் இருந்தது. விரலுக்கு மேலே இருந்ததை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

மகள் சிறிது தயங்கினாள். "இவ்வளவு நாளும் ஞாயிற்றுக்கிழமைதானே அப்பா இவள் அங்க போனவள்?"

"தெரியாமல் போனது வேற, பிள்ளை. தெரிஞ்ச பிறகு போறது வேற."

அந்த மறுமொழி எவ்வளவு நேர்த்தியாக அமைந்தது என்று அப்போது எனக்குள்ளே ஒரு மெச்சுதல் எழுந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். மனைவி முருங்கையிலையை ஆய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பின்னர் குனிந்துகொண்டாள்.

நான்கு நாள் கழித்து மகள் மீண்டும் அழைத்தாள். பேர்த்தியின் சிநேகிதி ஒருத்தியின் தகப்பனார், நீங்கள் பெருமலைக்குப் போங்கள், உங்கள் பிள்ளையை நான் என் பிள்ளையோடு சின்ன மலைக்குக் கூட்டிப்போய்ப் பரீட்சை முடிந்ததும் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவளை மட்டும் அனுப்பலாமோ என்று மகள் கேட்டாள்.

ஐயா, அம்மா, அந்த இடத்தில் எனக்கு ஒரு கதவு திறந்தது. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு மலையும் அவளுக்கு வில்லையும் கிடைத்திருக்கும். ஆனால் முன்னர் சொன்னது குறுக்கே நின்றது. பெரியவர்களுக்கு ஆகாத திசை சிறு பிள்ளைக்கு எப்படி ஆகும் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது? இப்போது பரிகாரத்தைச் சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று மருமகன் நினைப்பாரே? கூட்டவும் குறைக்கவும் மாட்டாதவன் என்ற பட்டத்தைக் காப்பாற்ற, நான் இன்னும் ஒருபடி இறங்கினேன். சறுக்கு விளையாட்டு விழுந்தெழும்பும் விளையாட்டு. சூலத் திசையில் பிள்ளையை அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை என்றேன். தாயின் வயிற்றில் பயத்தைப் போட்டேன். அவள் உடனே, வேண்டாம் அப்பா, அனுப்பவில்லை என்றாள்.

நடு ஞாயிறு வந்தது. வெளிச்சம் வருமுன் காரில் புறப்பட்டோம். பேர்த்தி தன் சறுக்குப் பலகைகளைத் தானே கொண்டுவந்து காருக்குள் வைத்தாள். பெருமலையிலும் பிள்ளைகள் பழகும் சரிவு உண்டு, அங்கே அவள் சறுக்கலாம் என்று தகப்பன் சொல்லியிருந்தார். பரீட்சையைப் பற்றி அவள் வழியில் ஒரு சொல்லும் பேசவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிள்ளைகள் எதையும் விரைவில் மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரயில் மேலே போகப்போக மரங்கள் நின்றுவிட்டன. வெண்மையைத் தவிர வேறொன்றுமில்லை. கண்ணைத் திறந்து பார்க்க முடியாதபடி ஒளி. மருமகனின் குளிர்ச்சட்டை எனக்குப் பெரிது. கைகள் விரல் நுனியையும் தாண்டித் தொங்கின. மேலே இறங்கியதும் காற்று எங்களைத் தள்ளியது. ஒலிபெருக்கியில் மூன்று மொழிகளில் ஏதோ அறிவித்தார்கள். மருமகன் கேட்டுவிட்டுச் சொன்னார், காற்றுக் காரணமாகப் பிள்ளைகளின் சரிவை மூடிவிட்டார்களாம். திறந்திருப்பது தேர்ந்தவர்களுக்கான செங்குத்துச் சரிவுகள் மட்டும். அவளால் அவற்றில் இறங்கமுடியாது.

பேர்த்தி பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். சரி அப்பா என்று தகப்பனிடம் சொன்னாள். அழவில்லை, முறைக்கவும் இல்லை.

அந்நேரம் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பலகைகளைக் கேட்டேன். படம் எடுக்க.

அவள் உடனே தந்தாள். நான் அவற்றைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம். "இப்பிடிப் பிடிக்கோணும், அம்மப்பா," என்று திருப்பி, வளைந்த நுனி மேலே வருமாறு என் கையில் வைத்து, தொங்கிய சட்டைக் கையையும் மடித்துவிட்டாள். தாயின் தொலைபேசியை வாங்கிப் பின்னே நடந்து போய், மலைமுகடு முழுவதும் விழும்படி குனிந்து நின்று, அவளே படம் எடுத்தாள். காற்றில் அவளுடைய கண்ணில் நீர் வழிந்தது. காற்றினால்தான் என்று நினைக்கிறேன்.

"சிரியுங்கோ, அம்மப்பா."

நான் சிரித்தேன். நல்ல படம். இரண்டு மூன்று எடுக்கச் சொன்னேன்.

பிறகு உணவகத்துக்குள் போய்ச் சூப் குடித்தோம். சுவரில் பெரிய மணிக்கூடு ஒன்று இருந்தது. பேர்த்தி எனக்கு எதிரே அமர்ந்து, என் தலைக்கு மேலாக அதனை அடிக்கடி பார்த்தாள். இரண்டு மணியானபோது கரண்டியைக் கோப்பைக்குள் விட்டுவிட்டு அதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா பார்க்கிறாய் என்று நான் கேட்டேன்.

"இப்ப எல்லாரும் மேல நிக்கினம். ஒராள் ஒராளா இறங்குவினம்," என்றாள். பின்னர் சூப்பைக் குடித்து முடித்தாள்.

மறுநாட் காலை மகளும் மருமகனும் வேலைக்கும் பேர்த்தி பள்ளிக்கூடத்துக்கும் போனபின், வீட்டில் நானும் மனைவியும் மட்டுமே இருந்தோம். மனைவி தேநீரை என்முன் வைத்துவிட்டு, தன் கைப்பையைத் திறந்து, தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேசையில் வைத்தாள். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய கருப்பட்டித் துண்டு, கித்துல் மரத்து வெல்லம்.

"இஞ்சருங்கோ, கோவிக்கக்கூடாது. மேற்குச் சூலத்துக்கு இது காணும்தானே?"

நான் தாளை மறுபடி சுற்றி மூடினேன்.

"உங்கட வாயில அது இப்ப வரும், இப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான். நேற்று விடிய, கார் ஸ்டார்ட் பண்ணும் வரைக்கும் பாத்தனான்."

"நீ சொல்லியிருக்கலாமே?"

"மருமகனுக்கு முன்னால உங்களை இறக்க எனக்கு மனம் வரேல்லை." தேநீரை என் பக்கமாக நகர்த்தினாள். "கடைசியில ரெண்டு பேரும் சேந்து பிள்ளையைத்தான் இறக்கிப்போட்டம்."

நாற்பத்திரண்டு ஆண்டு இல்வாழ்க்கையில் அவள் என்னைக் குற்றம் சொன்னது அதுவே என்று சொல்லமாட்டேன், பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆனால் தன்னையும் என்னோடு சேர்த்து எண்ணிச் சொன்னது அதுவே முதல்முறை. அந்த 'ரெண்டு பேரும்' என்ற சொல் என்னால் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை.

அன்று மாலை மருமகனிடம், அந்தப் பரீட்சையை வேறொரு நாளில் எடுக்க இடமுண்டோ என்று, ஏதோ தற்செயலாகக் கேட்பவன்போல் கேட்டேன். அவர் பயிற்றுவோருக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தார். வகுப்பு முடிந்துவிட்டது, இனி அடுத்த பனிக்காலம்தான் என்று பதில் வந்தது. பரவாயில்லை மாமா, பிள்ளைதானே என்றார் மருமகன். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல தருணம் இருந்திராது. நான் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு சாமத்திய வீட்டில் நாலு பேர் என்னிடம் நாள் கேட்டார்கள். சொன்னேன். அதற்கு அடுத்த வியாழன் கொழும்புக்குத் திரும்பினோம்.

வெள்ளவத்தையில் அந்தப் படத்தைச் சட்டம் போடவில்லை. அவ்வளவு வெட்கமாவது எனக்கு மிஞ்சியிருந்தது. ஆனால் தொலைபேசியில் காட்டினேன். காட்டாதிருக்க முடியவில்லை. கீழ்வீட்டு ஐயா வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, இரு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மலையைப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இது சின்னப்பிள்ளையின்ட பலகையல்லோ, ஐயா? உங்கட நெஞ்சளவுக்குத்தான் நிக்குது."

பேரப்பிள்ளையினுடையது என்றேன்.

"அப்ப அவ அண்டைக்கு எதில சறுக்கினவ?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். காற்று என்று சொன்னேன். காற்று அடித்ததால் மூடிவிட்டார்கள் என்றேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லிக்கொண்டு பொய்யனாக நிற்பது எப்படியிருக்கும் என்று அந்தப் படியில் அறிந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மகள் ஒரு படம் அனுப்பினாள். பள்ளிக்கூட முகாமில் எடுத்தது. மஞ்சள் மேற்சட்டை அணிந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் ஒன்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். பத்தாவதாக, அவர்களிலும் ஒரு தலையும் கழுத்தும் உயர்ந்து, என் பேர்த்தி. தன் உயரத்தைக் குறைப்பதற்காக முழங்காலை மடித்து நிற்கிறாள். பல வரிகளில் எழுதினாலும் அந்த முழங்காலை என்னால் இங்கே காட்டமுடியாது. மகள் கீழே எழுதியிருந்தாள்: இந்த முறையும் சின்னக் குழுதான் அப்பா, ஆனால் விழுந்து காயப்படாமல் வந்துவிட்டாள், நல்லகாலம் நீங்கள் சொன்னீர்கள்.

அவள் எனக்கு நன்றி சொல்லியிருந்தாள்.

மனைவியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு அழைப்பெடுத்தேன். மகள் குசினியில் நின்றாள். பின்னால் அந்த நாட்காட்டி தெரிந்தது. நான் சுற்றிவளைக்கவில்லை. பரிகார வரியைப் பஞ்சாங்கத்திலிருந்து முழுமையாக வாசித்தேன். அது அன்றைக்கும் அங்கே இருந்தது, நான் வாசிக்காமல் விட்டேன், பெரிய மலைக்குப் போக ஆசைப்பட்டு விட்டேன், பிள்ளை விழுவாள் என்று சொன்னதும் அந்த ஆசையை மறைக்கத்தான் என்றேன்.

மகள் அடுப்பை அணைத்தாள்.  பின்னர் தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நேரா ஆசை எண்டு சொல்லியிருக்கலாமே அப்பா. உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருப்பமே. அவளை அந்தச் சிநேகிதியின்ட தகப்பனோட விட்டிட்டு."

ஓம் என்றேன்.

"அவளிட்ட நீங்களே சொல்லுங்கோ," என்று சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்டாள்.

பேர்த்திக்குச் சூலம் என்றால் என்னவென்று விளக்குவதே பெரும்பாடாக இருந்தது. சில நாளில் சில பக்கம் போகக்கூடாது என்பது வழக்கம் என்றேன். போகவேண்டுமென்றால் சிறிது வெல்லம் தின்றுவிட்டுப் போகலாம் என்றேன். அதனை அம்மப்பா உங்களுக்குச் சொல்லவில்லை, வேண்டுமென்றே சொல்லவில்லை என்றேன். அவள் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெல்லம் எண்டா அந்த பிறவுண் இனிப்பா? அம்மம்மா கொண்டுவந்ததா?"

"ஓம், குஞ்சு."

"அது எனக்கு விருப்பம்தானே," என்றாள். "நான் சாப்பிட்டிருப்பனே."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்றாள். பெருமலையில் தகப்பனுக்குச் சொன்ன அதே சரி. பின்னர் வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லித் தொலைபேசியைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மகள் அதனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுப் பாத்திரங்களை எடுத்து அடுக்கினாள். சிறிது நேரம் அவளுடைய கைகள் மட்டுமே தெரிந்தன. பிறகு குனிந்து முகத்தைக் காட்டினாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகவே, ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்பா, இனி நான் ஆரிட்டக் கேக்கிறது?"

 இன்றும் அவள் கிழமைக்கு இருமுறை அழைக்கிறாள். எங்கள் உடம்பைக் கேட்கிறாள், சாப்பாட்டைக் கேட்கிறாள், மனைவியோடு நெடுநேரம் கதைக்கிறாள். நாள் மட்டும் கேட்பதில்லை. சென்ற மாதம் அவர்கள் வேறு வீட்டுக்கு மாறினார்கள். மாறிய பின்னரே எனக்குத் தெரியும். பேர்த்தியை இந்தப் பனிக்காலத்துக்கு மீண்டும் வகுப்பில் சேர்த்திருக்கிறார்களாம். மனைவிதான் சொன்னாள். எந்த மலை, எந்தக் கிழமை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

கட்டடத்தார் இன்னும் படியேறி வருகிறார்கள். அவர்களுக்கு இது தெரியாது. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார் என்று இன்னமும் சொல்கிறார்கள். மற்ற ஏழு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. ஆகையால் எழுதினேன்.

ஐயா, அம்மா, இவ்வெழுத்து யார் கையில் கிடைத்தாலும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள். என் வேண்டுகோள் அவ்வளவே.